பெங்களூரைச் சுற்றியுள்ள ஓடைகளில் யுரேனியத்துக்கு வண்டல், நீர் மாதிரி எடுப்பது எப்படி

ஓடை வண்டலில் யுரேனியம் 12 பிபிஎம் (பத்து லட்சத்தில் 12 பங்கு) என்று லேப் ரிப்போர்ட் வந்தால், அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. அது எளிதில் கரையாத சிர்க்கான் கனிம மணிகளுக்குள் அடைபட்டுக் கிடக்கலாம். அழுகிய இலைச்சேற்றில் ஒட்டியிருக்கலாம். துருப்பிடித்த மணலின் மேற்பூச்சில் இருக்கலாம். மேலே ஏதோ ஒரு பாறைப் பிளவிலிருந்து கரைந்து வந்து படிந்ததாகவும் இருக்கலாம். எது என்று பிரித்துச் சொல்லத் தேவையான விவரங்களில் பாதியை லேபால் தரவே முடியாது. ஓடையில் நிற்கும்போதே அளந்து, எழுதி, சரியான பையில் போட்டிருக்க வேண்டும். அதனால் இங்கே லேபைவிட ஓடைக்கே அதிக இடம்.

எடுத்துக்காட்டாகக் கொண்டிருப்பது பெங்களூருக்கு மேற்கிலும் தெற்கிலும் உள்ள பகுதி. மாகடி, ராமநகரா, கனகபுரா வழியாக வடக்கு தெற்காக நீளும் க்ளோஸ்பெட் கிரானைட் சுமார் 250 கோடி ஆண்டு வயதுடைய, பொட்டாசியம் மிகுந்த பாறை. அதன் இருபுறமும் தீபகற்ப நைஸ் என்ற பட்டைபட்டையான உருமாறிய பாறை. பொதுவாக இப்படிப்பட்ட கிரானைட்டில் யுரேனியமும் தோரியமும் நைஸைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆகவே கிரானைட் மேல் ஓடும் ஓடையையும் நைஸ் மேல் ஓடும் ஓடையையும் ஒரே தராசில் நிறுத்தினால் கணக்கு முதல் நாளிலேயே தப்பு.

கிளம்புவதற்கு முன் சட்டம். யுரேனியம் அணுசக்திச் சட்டத்தின் கீழ் வருவது. அதைத் தேடுவது அணுக் கனிம இயக்ககத்தின் வேலை. அதன் தென்மண்டல அலுவலகம் பெங்களூர் நாகரபாவியில்தான் இருக்கிறது. கல்லூரி ஆய்வாகவோ, சுற்றுச்சூழல் அடிப்படை அளவீடாகவோ செய்பவர்கள் துறைத்தலைவர் கடிதத்தோடு போவதும், நோக்கத்தை எழுத்தில் வைத்திருப்பதும் அவசியம். பன்னேர்கட்டா தேசியப் பூங்கா, காவிரி வனவிலங்கு சரணாலயம், ராமதேவர பெட்டாவின் கழுகு சரணாலயம் எல்லாமே இந்தப் பரப்புக்குள் வருகின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைக்காதீர்கள். கனகபுராவுக்குத் தெற்கே விடிகாலையிலும் அந்தியிலும் ஓடைப்பள்ளத்தில் இறங்குவதும் வேண்டாம். அது யானைகள் தண்ணீருக்கு வரும் நேரம்.

இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் தேசியப் புவிவேதி வரைபடத் திட்டத்தில் 2 கி.மீ.க்கு 2 கி.மீ. கட்டங்களாக ஓடை வண்டலைச் சேகரித்து, பல தனிமங்களுக்குச் சோதித்து வெளியிட்டு வருகிறது. அவர்களுடைய பூகோஷ் இணையதளத்தில் உங்கள் பகுதியின் வரைபட ஷீட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் உங்கள் வேலை பாதி குறையும். அவர்கள் கட்டத்துக்குள்ளேயே நெருக்கமாக எடுக்கலாம்.

இடம் குறிப்பது

1:50,000 டோபோஷீட் (நில அளவை வரைபடம்) ஒன்று அட்சரேகை, தீர்க்கரேகையில் 15 நிமிடத்துக்கு 15 நிமிடம். பெங்களூர் அட்சரேகையில் அது ஏறத்தாழ 750 சதுர கி.மீ. நான்கு சதுர கி.மீ.க்கு ஒரு மாதிரி என்றால் ஒரு ஷீட்டுக்கு 185 வரை வரும். இரண்டு பேர், ஒரு பைக், ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பத்து இடம் என்று கணக்கிடுங்கள். அதற்குமேல் திட்டமிட்டால் கடைசி மூன்று இடத்தில் நோட்டு காலியாக இருக்கும்.

முதலாம் வரிசை ஓடைகளையும் (கிளை எதுவும் சேராதவை), அவை இரண்டு சேர்ந்து உருவாகும் இரண்டாம் வரிசை ஓடைகளையுமே தேர்ந்தெடுங்கள். மூன்றாம் வரிசைக்கு மேலே போனால் நீர்ப்பிடிப்புப் பரப்பு பெரிதாகி, ஒரு சிறு மூலத்தின் அறிகுறி மற்ற வண்டலோடு கலந்து கரைந்துவிடும். இரண்டு ஓடை சேரும் இடத்தில் கலப்புக்கு மேலே, இரு கிளையிலும் தனித்தனியாக, 50 முதல் 100 மீட்டர் தள்ளி எடுக்க வேண்டும். வெள்ளக் காலத்தில் ஒரு கிளையின் நீர் மற்றதற்குள் பின்வாங்கி ஏறும்; அந்த வண்டல் யாருடையது என்று சொல்ல முடியாது.

பழைய டோபோஷீட்கள் எவரெஸ்ட் டேட்டத்தில் (ஆயத்தொலைவுகளைக் கணக்கிடும் அடிப்படை) இருக்கும். போனில் வருவது டபிள்யூஜிஎஸ் 84. இரண்டையும் கலந்தால் இந்தப் பகுதியில் புள்ளி நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும், அதாவது பக்கத்து ஓடைக்கே போய்விடலாம். எல்லாவற்றையும் ஒரே டேட்டத்தில் வையுங்கள். எது என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

இந்த ஊருக்கே உரிய சிக்கல் ஏரிகள். இங்கே ஓடை என்றால் ஏரியிலிருந்து ஏரிக்குப் போகும் சங்கிலி. ஒவ்வொரு கெரெயும் (கன்னடத்தில் ஏரி) மேலிருந்து வரும் வண்டலைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஏரி நிறைந்து வழியும் கோடிக்குக் கீழே எடுத்த மாதிரி மேலுள்ள பரப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது; கோடியிலிருந்து கீழே உள்ள கரையோர நிலத்தைப் பற்றி மட்டுமே சொல்லும். ஆகவே ஏரிக்குள் நுழையும் வாய்க்கு மேலே, ஏரி நிறைந்தால் நீர் எட்டும் எல்லையைத் தாண்டி எடுங்கள்.

இன்னொன்று, ஓடையில் தண்ணீர் ஓடுகிறது என்பதால் அது அந்த ஓடையின் தண்ணீர் ஆகிவிடாது. கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டத்தில் பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீர் 2018 முதல் கோலார் மாவட்ட ஏரிகளுக்குப் போகிறது. ஹெப்பாள்–நாகவாரா திட்டம் சிக்கபள்ளாப்பூர் பக்கம் கொண்டுபோகிறது. அந்த ஏரிகளுக்குக் கீழே உள்ள ஓடையில் நீர் மாதிரி எடுத்தால் நகரத்தின் சாக்கடையைத்தான் அளக்கிறீர்கள். நகரக் கழிவுநீர் ஓடும் விருஷபாவதி ஆற்றை முழுவதுமாக விட்டுவிடுங்கள். வர்த்தூருக்குக் கீழே தென்பெண்ணையையும் அப்படியே.

கல் குவாரி, கிரஷர் இருக்கும் ஓடையில் கிரானைட் மாவு புதிதாக வந்து கலக்கும். இயற்கையாகச் சிதைந்து வந்த வண்டலோடு அதை ஒப்பிட முடியாது. ராமநகரா பக்கம் பட்டு நூற்கும் கழிவுநீர் விழும் வாய்க்கால்களில் அங்ககப் பொருள் ஏறியிருக்கும். திராட்சைத் தோட்டம், மல்பெரித் தோட்டம் மேலே இருந்தால் டிஏபியும் சூப்பர் பாஸ்பேட்டும் கொட்டப்பட்டிருக்கும். பாஸ்பேட் பாறையிலேயே யுரேனியம் உண்டு, உரத்திலும் அது தங்கும். இப்படி எதைப் பார்த்தாலும் நோட்டில் எழுதுங்கள். இடத்தை விட்டுவிட வேண்டும் என்பதில்லை, தெரிந்திருக்க வேண்டும்.

எப்போது

பெங்களூரில் செப்டம்பர், அக்டோபரில்தான் அதிக மழை. மழை விட்டபிறகு ஓடையில் ஓடுவது பெரும்பாலும் நிலத்தடியிலிருந்து கசிந்து வரும் நீர். யுரேனியத்துக்கு வேண்டியது அதுதான். டிசம்பர், ஜனவரி சரியான காலம். பிப்ரவரிக்குள் சின்ன ஓடைகள் வறண்டுவிடும். மழை பெய்த கையோடு எடுத்தால் நீர்த்துப் போன எண் கிடைக்கும். மார்ச்சில் தேங்கிய குட்டையில் எடுத்தால் ஆவியாகிச் செறிந்த எண் கிடைக்கும். வண்டலை மட்டும் மே மாதம் வரை எடுக்கலாம், வறண்ட படுகையில் வேலை இன்னும் சுலபம்.

வண்டல் எடுப்பது

மோதிரம், வளையல், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். இரும்பு மண்வெட்டியால் யுரேனியத்துக்குப் பெரிய கேடில்லை, ஆனால் லேபில் கூடவே இரும்பும் மாங்கனீசும் கேட்கப் போகிறோம். பிளாஸ்டிக் அள்ளியே போதும். பித்தளைச் சல்லடை வேண்டாம்.

நைலான் வலையைப் பிவிசி வளையத்தில் இழுத்துக் கட்டிய சல்லடையை வீட்டிலேயே செய்யலாம். ஸ்கிரீன் பிரிண்டிங் கடைகளில் வலை கிடைக்கும். அங்கே ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 120 மெஷ் என்று கேட்டால் அங்குலத்துக்கு 120 இழை உள்ள வலையைத் தருவார்கள், ஆனால் இழையின் தடிமனைப் பொறுத்து துளை மாறும். நமக்கு வேண்டியது 125 மைக்ரான் துளை. கடையில் இழை எண்ணைக் கேட்காமல் துளை எத்தனை மைக்ரான் என்று கேளுங்கள். சிலர் சென்டிமீட்டருக்கு எத்தனை இழை என்று எண்ணுவார்கள், அதில் 120 என்றால் மிக நுண்ணிய வலை. ஒரே சுருளிலிருந்து முழு வேலைக்கும் வெட்டிக்கொள்ளுங்கள். பாதி வேலையில் வலை மாறினால் வரைபடத்தில் நேர்கோடாக ஒரு எல்லை தெரியும், அதற்கும் பாறைக்கும் சம்பந்தம் இருக்காது.

இடத்துக்கு வந்ததும் ஓடையின் நீளத்தில் 30 முதல் 50 மீட்டருக்குள் ஐந்திலிருந்து பத்து இடங்களில் அள்ளி ஒன்றாகச் சேர்க்க வேண்டும். படுகையின் நடுப்பகுதி, அண்மையில் நீர் ஓடிய இடம். கரை இடிந்து விழுந்த மண் வேண்டாம், அது ஓடை கொண்டுவந்ததல்ல. வறண்ட படுகையில் மேலே உள்ள சில சென்டிமீட்டரைத் தள்ளிவிட்டு 10–15 செ.மீ. ஆழத்திலிருந்து எடுங்கள்.

தங்கம் தேடுகிறவர்கள் பாறைக்குப் பின்னாலும் வளைவின் உட்புறத்திலும் கருமணல் தங்கும் இடத்தைத் தேடிப் போவார்கள். இங்கே நேர் எதிர். அந்த இடங்களில் சிர்க்கானும், தோரியம் மிகுந்த மோனசைட் கனிமமும் செறிந்திருக்கும். அங்கே ஒரு அள்ளு போட்டால் எண் தாறுமாறாக எகிறும். இலை அழுகிய கருஞ்சேறும் வேண்டாம். நைலான் சல்லடையில் 2 மி.மீ. அளவில் முதலில் கூழாங்கல்லை அகற்றி, சுமார் இரண்டு கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். கரடுமுரடான க்ளோஸ்பெட் மணலில் நுண்துகள் குறைவு. அங்கே மூன்று கிலோ எடுத்தால்தான் கடைசியில் 125 மைக்ரானுக்குக் கீழே 100 கிராம் தேறும். குறைந்தால் திரும்பிப் போக வேண்டியிருக்கும்.

பை விஷயத்தில் கவனம். துணிப்பையில் கஞ்சி இருக்கும், முன்பே அலசிக் காயவையுங்கள். துணிப்பை மட்டும் போட்டால் நுண்துகள் நெசவு வழியாகக் கசியும். வெளியே ஒரு பாலிதீன் உறை போடுங்கள். ஆனால் ஈர வண்டலைப் பாலிதீனில் கட்டி வாரக்கணக்கில் வைத்தால் உள்ளே காற்றில்லாமல் ஆக்சிஜன் போய், துருப்பூச்சு கரையத் தொடங்கும். அன்று மாலையே பிரித்து நிழலில் விரியுங்கள். அடுப்பில் உலர்த்தினால் 40 டிகிரிக்கு மேல் போகாதீர்கள். சீட்டு இரண்டு: ஒன்று பென்சிலால் எழுதிப் பைக்குள், ஒன்று வெளியே. மார்க்கர் மை ஈரத்தில் மறைந்துவிடும், பென்சில் மறையாது.

உலர்ந்த கட்டியை ரப்பர் சுத்தியலால் மெதுவாக நொறுக்கலாம். உரலில் போட்டு இடிக்காதீர்கள்; பெரிய மணலும் பொடியாகி நுண்துகளில் கலந்துவிடும். சலிக்கும்போது முகக்கவசம் கட்டாயம். இந்த அளவு யுரேனியத்தில் கதிர்வீச்சுக்குப் பயப்பட ஒன்றுமில்லை, சிலிக்கா தூசிதான் நுரையீரலுக்கு ஆகாது. ஒவ்வொரு மாதிரிக்கும் இடையில் சல்லடையைத் தட்டி, பிரஷ் செய்து, காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள்.

நீர் எடுப்பது

நீர் முதலில், வண்டல் பிறகு. வண்டலைக் கிளறிவிட்டு நீர் எடுத்தால் கலங்கல்தான் கிடைக்கும். நீரோட்டம் எதிரே வரும்படி நின்று, உங்கள் காலுக்கு மேற்புறத்தில் எடுங்கள். ஓடை நெடுக எடுக்கும்போது கீழிருந்து மேலாகப் போங்கள்.

ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் பாட்டில், 60 மி.லி. கொள்ளளவு. 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஒரு நாள் ஊறவைத்து, அயனி நீக்கிய நீரில் மூன்று முறை அலசி, மூடி வைத்தது. ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பாட்டில்: ஒன்று அமிலம் சேர்த்தது, உலோகங்களுக்கு, இன்னொன்று அமிலம் சேர்க்காதது, அயனிகளுக்கு. இரண்டாவதைக் காற்றிடம் இல்லாமல் விளிம்புவரை நிரப்பிக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

வரிசை தவறக்கூடாது: முதலில் வடிகட்டு, பிறகு அமிலம். மாறிச் செய்தால் நீரில் மிதக்கும் துருத்துகள் கரைந்து, அதில் ஒட்டிய யுரேனியமும் கரைசலாகி, கரைந்த யுரேனியம் என்று ரிப்போர்ட்டில் வந்து உட்காரும். 0.45 மைக்ரான் சிரிஞ்ச் ஃபில்டர் போதும். முதல் 10 மி.லி.யைக் கொட்டிவிட்டுப் பிறகு பாட்டிலில் பிடியுங்கள். கலங்கலான நீரில் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். அழுத்தித் தள்ளினால் சவ்வு கிழிந்துவிடும், கிழிந்தது கண்ணுக்குத் தெரியாது. திடீரென்று இலகுவாகத் தள்ள முடிந்தால் அந்தப் பாட்டிலைக் கொட்டிவிட்டுப் புது ஃபில்டர் போடுங்கள்.

உயர்தூய்மை நைட்ரிக் அமிலத்தை 0.6 மி.லி. வீதம் சிறு குப்பிகளில் லேபிலேயே அடைத்துக்கொண்டு வாருங்கள். 60 மி.லி.க்கு அது ஒரு சதவீதம், பிஹெச் 2-க்குக் கீழே போய்விடும். யுரேனியம் பாட்டில் சுவரில் ஒட்டாமல் இருக்க இது வேண்டும். ஓடைக்கரையில் பெரிய அமிலப் பாட்டிலைத் திறந்துவைத்து வேலை செய்வது கைக்கும் கேடு, மாதிரிக்கும் கேடு.

அங்கேயே அளக்க வேண்டியவை பிஹெச், மின்கடத்துத்திறன், வெப்பநிலை. பிஹெச் மீட்டரை பிஹெச் 4, 7, 10 உள்ள பஃபர் கரைசல்களில் தினமும் காலையில் சரிபாருங்கள். காரத்தன்மையை அன்றே பார்த்துவிட வேண்டும்: வடிகட்டிய நீர் 50 மி.லி., 0.02 நார்மல் கந்தக அமிலம், பிஹெச் 4.5 வரும்வரை சொட்டு சொட்டாக. செலவான மி.லி.யை 20-ஆல் பெருக்கினால் கால்சியம் கார்பனேட்டாக லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று வரும். இதைச் சிலர் நேரமில்லை என்று விடுகிறார்கள். இங்கே விடவே கூடாத அளவு இதுதான். ஆக்சிஜன் உள்ள நீரில் யுரேனியம் யுரனைல் அயனியாக, கார்பனேட்டோடு பிணைந்து கரைந்தே நடமாடுகிறது. பைகார்பனேட் அதிகமுள்ள நீர் சாதாரணப் பாறையிலிருந்தே நிறைய யுரேனியத்தை இழுத்து வரும். காரத்தன்மை தெரியாவிட்டால், பாறை வளமானதா, நீர்தான் பலமாகக் கரைக்கிறதா என்று பிரிக்க முடியாது.

ஓடை வறண்ட இடத்தில் ஆழ்துளைக் கிணற்று நீர் எடுப்பவர்கள், மோட்டாரை ஓடவிட்டு மின்கடத்துத்திறன் நிலைக்கும்வரை காத்திருங்கள். மேல்நிலைத் தொட்டி, சம்ப், ஆர்ஓ கருவி வழியாக வந்த நீர் எதுவும் வேண்டாம். கிணற்றின் ஆழத்தைக் கேட்டு எழுதுங்கள். ஆனேக்கல் பக்கம் தமிழிலேயே கேட்டுவிடலாம், மாகடி பக்கம் கன்னடம் வேண்டும். கிணற்று நீரையும் ஓடை நீரையும் ஒரே வரைபடத்தில் கலக்கக் கூடாது. ஓடையில் 1 பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) கவனிக்க வேண்டிய எண்ணாக இருக்கலாம், கிழக்குக் கர்நாடக ஆழ்துளைக் கிணறுகளில் அது ஒன்றுமே இல்லை. குடிக்கும் கிணற்றில் இந்தியத் தர நிர்ணய வரம்பான 30 பிபிபியைத் தாண்டினால் அந்த வீட்டாரிடம் சொல்வது உங்கள் கடமை. கொதிக்கவைத்தால் போகாது, நீர் வற்றி இன்னும் செறியும். ஆர்ஓ கருவி யுரேனியத்தை நீக்கும் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தரக் கட்டுப்பாடு

மாதிரி எண்களை முன்கூட்டியே கலைத்துப் போட்டுப் பட்டியல் எழுதிவிடுங்கள். அடுத்தடுத்த ஓடைகளுக்கு அடுத்தடுத்த எண் கொடுத்தால், லேப் கருவியில் மெதுவாக ஏறும் பிழை வரைபடத்தில் அழகான அனாமலியாக (வழக்கத்துக்கு மாறான உயர்வாக) விழும். ஒவ்வொரு இருபது எண்ணிலும் ஒன்று அதே ஓடையில் 20 மீட்டர் தள்ளித் தனியாக எடுத்த இரட்டை. ஒன்று அந்த இரட்டையைச் சலித்தபிறகு இரண்டாகப் பிரித்தது. ஒன்று மதிப்பு தெரிந்த தர மாதிரி. வண்டலுக்குக் கனடாவின் எஸ்டிஎஸ்டி வரிசை நல்லது. நீரில் வெற்று மாதிரியும் வேண்டும்: அயனி நீக்கிய நீரை ஓடைக்குக் கொண்டுபோய், அங்கேயே வடிகட்டி, அங்கேயே அமிலம் விட்டது. இவற்றில் எது எதுவென்று லேபுக்குத் தெரியக் கூடாது.

லேபில் கேட்க வேண்டியது

வண்டலுக்கு ஐசிபி-எம்எஸ் (பல தனிமங்களை ஒரே நேரத்தில் அளக்கும் நிறமாலைக் கருவி). யுரேனியம் மட்டும் கேட்டால் காசு வீண். தோரியம், சிர்க்கோனியம், சீரியம், பாஸ்பரஸ், இரும்பு, மாங்கனீசு, கூடவே எரியூட்டல் இழப்பு (சூடாக்கி எரித்தால் குறையும் எடை, அங்ககப் பொருளின் அளவைக் காட்டும்). எந்த முறையில் கரைக்கிறார்கள் என்பதுதான் இதில் முக்கியம். இராஜ திராவகம் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) பூச்சிலும் களிமண்ணிலும் ஒட்டிய யுரேனியத்தை எடுக்கும், சிர்க்கானைத் தொடாது. நான்கு அமிலக் கரைப்பும் சிர்க்கானை முழுவதாகக் கரைக்காது. முழுக்க வேண்டுமென்றால் உருக்கிக் கரைக்க வேண்டும். பணம் இருந்தால் ஐந்தில் ஒரு பங்கு மாதிரியை இராஜ திராவகத்திலும் உருக்கு முறையிலும் கொடுங்கள். இரண்டு எண்ணுக்கும் உள்ள இடைவெளி, கனிமத்துக்குள் பூட்டிய பங்கைக் காட்டிவிடும்.

நீருக்கு எல்இடி ஃபுளோரிமீட்டரும் (யுரேனியத்தை ஒளிரவைத்து அளக்கும் கருவி) போதும், இந்தியாவிலேயே தயாராகிறது. சோடியம் பைரோபாஸ்பேட் பஃபரை மாதிரியின் பத்தில் ஒரு பங்கு சேர்த்து, பிஹெச் 7 அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். அமிலம் சேர்த்த பாட்டிலிலிருந்து எடுத்தால் பஃபர் பல சமயம் போதாது. இரும்பும் மாங்கனீசும் குளோரைடும் ஒளிர்வை அமுக்கும். அதனால் நேரடியாகப் படிக்காமல் தர யுரேனியத்தைச் சிறுகச் சேர்த்துச் சேர்த்துப் படிக்கும் முறையையே பயன்படுத்துங்கள்.

எண்களைப் படிப்பது

முதலில் பாறைவாரியாகப் பிரியுங்கள்: கிரானைட் ஓடை, நைஸ் ஓடை. லாகரிதமாக மாற்றி, ஒவ்வொரு குழுவுக்கும் இடைநிலை மதிப்பும் அதிலிருந்து விலகலின் இடைநிலையும் போடுங்கள். சராசரியும் திட்ட விலக்கமும் ஒரு கருமணல் மாதிரி வந்தாலே கெட்டுவிடும்.

பிறகு உயர்ந்தவற்றை ஒவ்வொன்றாக விசாரியுங்கள். சாதாரண கிரானைட்டைப் போலவே தோரியம் யுரேனியத்தைவிட மூன்று, நான்கு மடங்காக இருந்து இரண்டும் சேர்ந்தே ஏறி, சிர்க்கோனியமும் சீரியமும் கூட ஏறியிருந்தால் அது சிர்க்கான், மோனசைட். க்ளோஸ்பெட் பரப்பில் நீங்கள் பார்க்கும் உயர்வுகளில் பெரும்பங்கு இப்படித்தான் இருக்கும். மனம் தளர வேண்டாம். தோரியம் ஏறாமல் யுரேனியம் மட்டும் ஏறியிருந்தால் அது கரைசலாக வந்து படிந்தது. அப்போது எரியூட்டல் இழப்பைப் பாருங்கள்: அதுவும் உயர்ந்திருந்தால் இலைச்சேறு பிடித்துவைத்தது. இரும்பும் மாங்கனீசும் உயர்ந்திருந்தால் துருப்பூச்சு. பாஸ்பரஸ் உயர்ந்து, மேலே தோட்டம் இருந்தால் உரம். இவை எதிலும் அடங்காமல் நிற்பவை சிலவே.

நீரில் யுரேனியத்தை மின்கடத்துத்திறனால் வகுத்துப் பாருங்கள். ஆவியாகிச் செறிந்த நீரில் எல்லா உப்பும் சேர்ந்தே ஏறியிருக்கும்; வகுத்தால் அந்த உயர்வு மறையும். வகுத்த பிறகும் நிற்கிற நீர்ப் புள்ளி, வண்டலில் அடங்காமல் நின்ற அதே ஓடையில் விழுந்தால், அந்த ஓடைக்குத் திரும்பிப் போகலாம்.

திரும்பிப் போகும்போது அதே இடத்தில் மறுபடி ஒரு மாதிரி எடுத்து உறுதிசெய்துவிட்டு, மேல்நோக்கி 200 மீட்டருக்கு ஒன்றாக, ஒவ்வொரு கிளை வாயிலும் எடுத்துக்கொண்டே ஏறுங்கள். எண் சட்டென்று விழும் இடத்துக்குக் கீழே மூலம் இருக்கும். கையில் காமா ஸ்பெக்ட்ரோமீட்டர் இருந்தால் அங்கே பாறையைப் படிக்கலாம், ஆனால் அது அளப்பது யுரேனியத்தின் வழித்தோன்றலான பிஸ்மத்-214-ஐ. அண்மையில் கரைந்து வந்து படிந்த யுரேனியத்துக்கு அந்த வழித்தோன்றல்கள் இன்னும் சேர்ந்திருக்காது. மீட்டர் அமைதியாக இருப்பதைப் பார்த்து இடத்தைக் கைவிடாமல், ஒரு பாறைத்துண்டும் ஒரு மண் மாதிரியும் எடுத்து லேபுக்கு அனுப்புங்கள்.